செத் போய் வந்தோம்: இரண்டு இரவு, ஒரு புகார், ஒன்பது தியேல்

ஊரின் பெயரில்தான் முதல் கலாட்டா. "அம்மா, ஞாயிற்றுக்கிழமை நாங்க செத் போறோம்" என்று போனில் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கம் இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "ஏட்டி, வாயக் கழுவு மொதல்ல" என்று ஒரு அதட்டல். அது பிரான்ஸின் தென்கரையில் இருக்கும் ஒரு துறைமுக ஊர் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தப் பெயரோடு பிரெஞ்சுக்காரர்களுக்கும் தகராறு இருந்திருக்கிறது. 'இந்த' என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லின் எழுத்துகளைத்தான் ஊர்ப் பெயருக்கும் வைத்திருந்தார்கள். 'செத் நகராட்சி' என்று எழுதினால் 'இந்த நகராட்சி' என்று படிக்க வேண்டியதுதான். 1928இல்தான் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள்.

நாங்கள் ஆறு வருஷமாகத் துலூஸில் இருக்கிறோம். வீட்டிலிருந்து இறங்கி நடந்தால் ஐந்து நிமிஷத்தில் கனால் து மிதி. தினமும் சாயங்காலம் அதன் கரையில்தான் நடை. உப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த பியர் போல் ரிக்கே என்பவர் தன் சொத்தையும் அதில் போட்டு வெட்டிய கால்வாய். 240 கிலோமீட்டர். 1681இல் திறந்தபோது பார்க்க அவர் இல்லை, சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்தக் கால்வாய்க்குக் கடல் பக்கம் ஒரு வாசல் வேண்டும் என்று 1666இல் கட்ட ஆரம்பித்த துறைமுகம்தான் செத். நம் வாசலில் ஓடுகிற தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். ஆகஸ்ட் கடைசி வாரம், அந்த ஊரின் சான் லூயி திருவிழா சமயம்.

துலூஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக்த் என்ற ஊருக்கு அப்புறம் போனை உள்ளே வைத்துவிடுங்கள். மெல்லிய மணல் திட்டு ஒன்றின் மேல் தண்டவாளம் ஓடுகிறது. இடது பக்கம் தோ காயல், வலது பக்கம் மத்தியதரைக் கடல். நடுவில் நம் ரயில்.

ஸ்டேஷனிலிருந்து ரூமுக்கு நடந்தே போகலாம் என்று பெட்டியை இழுத்துக்கொண்டு புறப்பட்டோம். வழியில் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். இந்த ஊரில் சில பாலங்கள் குறிப்பிட்ட நேரத்தில் வாயைப் பிளந்து நிற்கும், பாய்மரப் படகுகள் வரிசையாகப் போகும். இந்தப் பக்கம் கார், சைக்கிள், நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம். ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பாட்டி பையிலிருந்து பகெத் ரொட்டியின் நுனியைப் பிய்த்து மெல்ல ஆரம்பித்தார். பாலம் இறங்கியபோது கால் ரொட்டி காலி.

விளம்பரங்களில் இதை 'லாங்தொக்கின் வெனிஸ்' (லாங்தொக் இந்த வட்டாரத்தின் பெயர்) என்று போடுகிறார்கள். அதை நம்பி வந்தால் ஏமாந்துபோவீர்கள். பாட்டுப் பாடும் படகுக்காரர் எல்லாம் இங்கே கிடையாது. ஊருக்குள் ஓடும் கால்வாய் ஓரம் துருப்பிடித்த இழுவைப் படகுகள், வலைக் குவியல், டீசல் வாசம். அதற்குப் பின்னால் காவி, மஞ்சள், ரோஸ் நிறத்தில் நாலு மாடிக் கட்டடங்கள். இரும்புக் கம்பி பால்கனியில் துணி காய்கிறது. படகுத் துறையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது பிடித்துப்போனது. வெனிஸ் வேண்டுகிறவர்கள் வெனிஸுக்கே போகட்டும்.

சரி, ரூமைப் பற்றி. பெயர் சொல்லப் போவதில்லை. கால்வாயைப் பார்த்த சன்னல் என்று படம் போட்டு, திருவிழா விலை வாங்கினார்கள். சன்னல் இருந்தது, கால்வாயும் தெரிந்தது. நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. கீழே மேடை போட்டு ராத்திரி இரண்டு மணி வரை பாட்டுக் கச்சேரி நடக்கும் என்பதையும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "திருவிழாதானே மதாம்" என்று வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஒரு வரிப் பதில். சான் லூயிக்குப் போவதென்றால் மலைச்சரிவில் ரூம் பாருங்கள். சன்னல் அழகாக இல்லாவிட்டாலும் தூக்கம் வரும். அதுவும் மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். செத்தின் சொத்து தியேல். உள்ளங்கை அகல வட்டப் பணியாரம் மாதிரி, மேலும் கீழும் ரொட்டி மாவு. விளிம்பை நம் சோமாசிக்கு மடிக்கிற மாதிரியே கிள்ளிக் கிள்ளி மடித்திருக்கிறார்கள். உள்ளே பொடியாக நறுக்கிய பேய்க்கணவாய், தக்காளி, வெங்காயம். இத்தாலியின் கயெதா பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மீனவக் குடும்பங்கள் கொண்டுவந்த பண்டம். அதன் மேல்தோல் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். உள்ளிருக்கும் மசாலா எண்ணெய் மாவில் ஊறியிருப்பதால் காகிதத்தைப் பிரிக்கும்போதே விரலில் ஒட்டுகிறது. காரமாக இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்கள் என்று கடைக்காரப் பெண் எச்சரித்தார். நம் நாக்குக்கு, மிளகாய் அந்தத் தெரு வழியாக ஒரு தடவை நடந்துபோன மாதிரி இருந்தது. ஆனால் கணவாயின் பதம்! ரப்பரும் இல்லை, குழையவும் இல்லை. பல்லுக்கு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று 4 யூரோ கொடுத்தேன். இரண்டு நாளில் நான் மட்டும் ஐந்து தின்றேன்.

காலையில் ஊர் நடுவில் இருக்கும் கூரை போட்ட சந்தைக்குப் போய்விடுங்கள். மத்தியானம் போனால் கழுவி விட்டிருப்பார்கள். நின்றபடியே சிப்பி தின்னலாம். எதிர்க்கரையில் பூசிக் என்ற ஊரின் பெயரில் விற்கிற காயல் சிப்பி, எலுமிச்சை, பக்கத்தில் பிக்பூல் வெள்ளை ஒயின். வீட்டுக்காரர் சுத்த சைவம். அவரைப் போன்றவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் கஷ்டம்தான். ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி, அப்புறம் ஒயின் சேர்த்து மாவு பிசைந்து சுடுகிற ஸெஸெத் பிஸ்கட் என்று இரண்டு நாள் ஓட்டினார். மகரோனாத் என்று ஒன்றை மெனுவில் பார்த்து மக்ரோனிதானே என்று ஆசையாகக் கேட்டார். அதில் மாட்டிறைச்சிச் சுருளும் சாசேஜும் கிடக்கும் என்று பரிமாறுகிறவர் சொன்னதும் மறுபடி பிஸ்கட்டுக்கே போய்விட்டார்.

கால்வாய் ஓரத்து ஓட்டல்களில் ஒன்றில் நான் மாட்டிக்கொண்டேன். நாலு மொழியில் மெனு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கலர் போட்டோ. அதைப் பார்த்ததுமே திரும்பியிருக்க வேண்டும். கணவாய் ரூய் கேட்டேன். பூண்டும் குங்குமப்பூவும் போட்ட குழம்பில் வர வேண்டியது. தட்டில் வந்தது சூடு காட்டி எடுத்த துண்டுகள். சுற்றிலும் ஆறிப்போன எண்ணெய் வளையம். எத்தனை கணவாய் கழுவி வளர்ந்தவள் நான்! ஃப்ரீசரிலிருந்து வந்ததைக் கடித்தால் தெரியாதா? மறுநாள் இரண்டு தெரு உள்ளே தள்ளி, மெனுவைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்த கடையில் அதையே சாப்பிட்டேன். விலையும் குறைவு, தட்டை ரொட்டியால் வழித்துத்தான் எழுந்தேன்.

இப்போது ஜூத். படகில் நின்று ஈட்டியால் மோதும் விளையாட்டு. இதற்காகவே ஒரு தடவை போகலாம். துறைமுகத்துக்கு முதல் கல் வைத்த 1666 ஜூலை 29 அன்றே இங்கே இது நடந்திருக்கிறது. எதிரெதிரே இரண்டு கனத்த மரப் படகு, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கல்யாணமானவர்கள் சிவப்பில், ஆகாதவர்கள் நீலத்தில் என்று அந்தக் காலத்தில் கணக்காம். எட்டுப் பத்து பேர் துடுப்புப் போடுகிறார்கள். படகின் பின்பக்கத்திலிருந்து ஏணி போல ஒரு சரிவு மேலே நீண்டு, தண்ணீரிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சின்னப் பலகையில் முடிகிறது. அதன் மேல் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையோடு வீரர் நிற்கிறார். இடது கையில் மரக் கேடயம், வலது கையில் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஈட்டி. முன்பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் ஓபோ ஊதுகிறார், ஒருவர் மேளம் தட்டுகிறார். ஓபோவின் ஓசை நம் நாகஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி, கொஞ்சம் மூக்கடைத்த தம்பி.

இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்க் கரையில் இடம் பிடித்தோம். திங்கட்கிழமைப் பெரிய போட்டி கனத்த உடம்புக்காரர்களுக்கு. நூறு கிலோவைத் தாண்டியவர்களாகத்தான் தெரிந்தார்கள். படகுகள் நெருங்கும்போது மேளம் வேகமெடுக்கிறது. ஈட்டியின் இரும்புப் பல் கேடயத்தில் குத்தும் சத்தம், கட்டிலை உடைக்கிற மாதிரி ஒரு 'டக்'. ஒரு கணம் இருவரும் வில்லாக வளைந்து அந்தரத்தில் நிற்கிறார்கள். பிறகு ஒருவர் கையை விரித்துத் தண்ணீரில் விழுகிறார். விழுந்தவருக்கும் கரையில் கைதட்டல் உண்டு. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு மோதலுக்கும் தானே குத்து வாங்கியது போல மார்பைப் பிடித்துக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் மோதியவராம். "விழுவதற்குத்தான் முதலில் பழக வேண்டும்" என்றார். தண்ணீரில் மிதந்த ஈட்டியைச் சின்னப் படகில் வந்த பையன்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். குடையும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம், நிழலே கிடையாது.

படகுச் சுற்றுலா ஒரு மணி நேரம், விளக்கம் பிரெஞ்சில் மட்டும். அதில்தான் எனக்கு ஒரு அடி விழுந்தது. எங்கள் கால்வாய் செத்தில் முடியவில்லையாம்! மர்செய்யான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலங்கரை விளக்கத்தடியில் காயலில் கலந்துவிடுகிறது. அங்கிருந்து படகுகள் காயலை நீளவாக்கில் கடந்துதான் செத்துக்கு வர வேண்டும். காற்று பலமாக இருந்தால் அதுவும் முடியாமல் நிற்க வேண்டியதுதான். ஆறு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் தப்பாகச் சொல்லிவந்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

காயலில் சிப்பி வளர்க்கும் விதத்தையும் அங்கேதான் பார்த்தேன். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான். அதனால் அட்லாண்டிக் கரையில் போலச் சிப்பிகள் தினமும் வெளியே தலைகாட்ட வழியில்லை. தண்ணீருக்குள் சட்டம் சட்டமாக நட்டு, கயிறு தொங்கவிட்டு, குட்டிச் சிப்பிகளை ஒவ்வொன்றாகச் சிமென்ட் வைத்து அந்தக் கயிற்றில் ஒட்டுகிறார்கள். நிஜச் சிமென்ட்! பிறகு மோன் சான் கிளேர் குன்றின் உச்சியிலிருந்து பார்த்தபோது, அந்தச் சட்டங்கள் காயல் முழுக்கக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி தெரிந்தன. குன்று 200 மீட்டர்கூட வராது, ஆனால் படிகள் முழங்காலைப் பதம் பார்க்கும். பஸ்ஸில் ஏறி நடந்து இறங்குங்கள்.

இறங்கும் வழியில் கடலைப் பார்த்த சரிவில் கல்லறைத் தோட்டம். 1871இல் இதே ஊரில் பிறந்த கவிஞர் பால் வலெரி அங்கே இருக்கிறார். அவர் எழுதிய கவிதையால்தான் அந்த இடத்துக்கே 'கடல் கல்லறை' என்று பெயர் வந்தது. இன்னொரு செத்காரர், பாடகர் ஜார்ஜ் பிராசன்ஸ், தன்னைக் கடற்கரை மணலில் புதைக்கச் சொல்லிப் பாடியவர். 1981இல் அவருக்குக் கிடைத்தது காயல் பக்கத்து எளியவர்கள் கல்லறை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. யாரோ ஒரு தொட்டிச் செடிக்கு அன்று காலை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள், மண் ஈரமாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் துறைமுகப் பக்கம் நின்றால் இழுவைப் படகுகள் திரும்புவதைப் பார்க்கலாம். படகுக்குப் பின்னால் கடற்காகங்கள் வெள்ளைத் துணி உதறுகிற மாதிரி வரும். ஏலக்கூடத்துக்குள் சும்மா நுழைய முடியாது, சுற்றுலா அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் போனபோது இடம் இல்லை. ஊர்க் கால்வாய் காயலைத் தொடும் முனையில் புவான்த் கூர்த் என்ற மீனவக் குடியிருப்பு இருக்கிறது. சினிமா இயக்குநர் ஆனியேஸ் வர்தா 1950களில் தன் முதல் படத்தை எடுத்த இடம். வலை, தகரக் கொட்டகை, பூனைகள். வீட்டு வாசல்களில் கேமராவை நீட்டாமல் நடங்கள், ஆட்கள் குடியிருக்கிற இடம் அது.

மதிப்பெண் போடச் சொன்னால் ஊருக்கு ஐந்துக்கு நாலரை, ரூமுக்கு ஒன்றரை. பகலில் வந்து பகலில் திரும்புகிறவர்கள் அந்த அரை மதிப்பெண்ணையும் இன்னும் கொஞ்சத்தையும் இழப்பார்கள். காலைச் சந்தையும் மாலைப் படகும் ஒரே நாளில் கைகூடினாலும் அவசரம்தான்.

கிளம்பும்போது வீட்டுக்கு நாலு தியேல் கட்டி வாங்கினேன். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று கடைக்காரப் பெண் இரண்டு தடவை சொன்னார். துலூஸ் வந்து, பசி தாங்காமல், முதல் ஒன்றை மைக்ரோவேவில்தான் வைத்தேன். மாவு செருப்புத் தோல் ஆகிவிட்டது. மீதி மூன்றையும் ஓவனில் பத்து நிமிஷம் வைத்தேன், ஓரம் மொறுமொறுப்பாகத் திரும்பி வந்தது. பெட்டிக்குள் இருந்த வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில் இறங்கிய ஆரஞ்சு எண்ணெய் மட்டும் இன்னும் போகவில்லை. துணி சோப்பு, வினிகர், எலுமிச்சை மூன்றும் பார்த்தாயிற்று. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.