பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு: நிறத்தை நம்புவதா, மின்னோட்டத்தை நம்புவதா?

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர்களில் விடியற்காலையில் கறக்கும் பால், சங்கத்தில் அளக்கப்பட்டுக் கேன்களில் ஏறிக் குளிர்விப்பு நிலையத்தைச் சேர்வதற்குள் சித்திரை வெயில் ஏறிவிடும். அந்த இடைவெளியில் பால் கெடாதிருக்க யாரேனும் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால், அது உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்காத கலப்படம். அடர்த்தியை மட்டுமே பார்க்கும் லாக்டோமீட்டருக்கு இது தெரியாது. மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருப்பதும் அவ்வளவாக உதவாது. பச்சைப் பாலிலுள்ள கேட்டலேஸ், லாக்டோபெராக்சிடேஸ் நொதிகள் பெராக்சைடைச் சிதைத்துக்கொண்டே இருப்பதால், தாமதமாகும் ஒவ்வொரு மணிநேரமும் தடயத்தைக் குறைக்கிறது. எனவே பால் அளக்கும் இடத்திலேயே சோதிக்க, நிறமாற்றத்தைக் காட்டும் ஒளியியல் உணரி ஏற்றதா, மின்னோட்டத்தை அளக்கும் மின்வேதி உணரி ஏற்றதா என்பதுதான் கேள்வி.

ஒளியியல் முறையின் எளிய வடிவம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. பாலில் பாராஃபினிலின்டைஅமீன் கரைசலைச் சில சொட்டு விட்டால், பெராக்சைடு இருக்கும்போது நீலம் தோன்றும். ஆனால் இந்த வினையை நடத்துவது பாலில் இயல்பாக உள்ள லாக்டோபெராக்சிடேஸ் என்பதால், நன்கு காய்ச்சிய பாலில் அந்த நொதி அழிந்து, கலப்படம் இருந்தாலும் நிறம் வராமல் போகும். குதிரை முள்ளங்கியின் பெராக்சிடேஸையும் நிறமியையும் தாளிலேயே ஏற்றிய பட்டைகளுக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் வெயிலில் கிடந்தால் அந்த நொதியும் வலுவிழக்கும். இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் பெராக்சிடேஸ் போலவே செயல்படும் என்று 2007இல் வெளிவந்த கண்டுபிடிப்பு, நம் ஊர் வெயிலுக்கு அதிகம் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

இருக்கிறதா, இல்லையா என்பதற்குப் பட்டை போதும். எவ்வளவு என்று கேட்டால்தான் ஒளியியல் திணறுகிறது. கொழுப்புத் துளிகளும் பால் புரதமான கேசினும் ஒளியைச் சிதறடிப்பதால், பாலைத் திரித்து வடிகட்டாமல் ஒளி உறிஞ்சலை நம்பகமாக அளக்க முடியாது. பட்டையின் நீலத்தைக் கண்ணால் மதிப்பிடுவதிலும், விடியற்காலைக் குழல்விளக்கின் கீழ் ஒரு தீர்ப்பும் முற்பகல் வெளிச்சத்தில் வேறொரு தீர்ப்பும் வரக்கூடும். பால் ஊற்றுகிறவரின் அன்றைய வருமானத்தை அப்படி ஒரு தீர்ப்பின்மேல் நிறுத்துவது நியாயமல்ல.

மின்வேதி உணரிக்குப் பாலின் கலங்கல் ஒரு பொருட்டல்ல. மின்முனையில் பெராக்சைடு வினைபுரியும்போது எழும் மின்னோட்டம் அதன் செறிவுக்கு ஏற்ப மாறுகிறது. பிளாட்டினம் மின்முனையில் பெராக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்ய, ஒப்பீட்டுக்காக வைக்கும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையைச் சார்ந்து ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவை. அந்த மின்னழுத்தத்தில் பாலிலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம் ஆகியவையும் வினைபுரிந்து கணக்கைக் கெடுக்கும். பிரஷ்யன் நீலம் என்ற இரும்புச் சேர்ம நிறமி பூசிய மின்முனையோ ஏறத்தாழ சுழி வோல்ட்டிலேயே பெராக்சைடை ஒடுக்குவதால் (அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுப்பதால்) அந்தக் குறுக்கீடு பெரிதும் ஒழிகிறது. பிரஷ்யன் நீலத்துக்குப் பொட்டாசியம் அயனிகள் வேண்டும். பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம் பொட்டாசியம் உள்ளது. காரத்தன்மையில் அந்தப் பூச்சு சிதையும் என்றாலும், பாலின் பிஎச் 6.6 முதல் 6.8 வரைதான், அதாவது அது காரமல்ல.

குறைகளும் உண்டு. கேசினும் கொழுப்பும் மின்முனையில் படிந்து அதை மந்தமாக்குவதால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் அச்சு மின்முனைகளே களத்துக்கு உகந்தவை, அதற்குச் செலவாகும். வெப்பநிலை உயர்ந்தால் மின்னோட்டமும் உயரும் என்பதால், குளிர்ந்த பாலுக்கும் கறந்த சூட்டிலுள்ள பாலுக்கும் மின்னோட்டத்தைச் செறிவாக மாற்றும் ஒரே அளவீட்டுக்கோடு செல்லாது.

 ஆகவே சங்க வாசலில் நிறப் பட்டை, குளிர்விப்பு நிலையத்தில் பிரஷ்யன் நீல மின்முனை என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன்; பட்டை நீலமாக மாறியது என்பதற்காக மட்டும் யாருடைய பாலையும் கொட்டிவிடாமல், மின்முனையில் அளந்து உறுதிசெய்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அந்த மின்முனையை அளவீடு செய்யும் பெராக்சைடு கரைசலும் நாளடைவில் நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைவதால், அதன் செறிவை அவ்வப்போது பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் (செறிவு தெரிந்த பெர்மாங்கனேட் கரைசலோடு வினைபுரியவைத்து அளக்கும் முறை) மூலம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.