பத்து ஹெச்பி பாக்கி: போக்கிமோன் டிசிஜி பாக்கெட் எப்படி இருக்கு?

சுங்கை சிப்புட் மாமாக் கடையில நம்ம பசங்க உக்காந்தா பாதி பேரு கையில ஃபோன்ல ஆடுற இந்த போக்கிமோன் கார்டு கேம்தான். 2024 அக்டோபர் 30 வந்துச்சு, காசு கட்டாமலே ஆடலாம், 12 மணி நேரத்துக்கு ஒரு கார்டு பாக்கெட் ஃப்ரீ. பாக்கெட் கிழிக்கிறத பத்தி நிறைய பேரு சொல்லிட்டாங்க, நான் ஃபைட்ட பத்தி சொல்றேன், எனக்கு இதுல உசுரே அதுதான்.

நெஜ கார்ட வச்சு மேசையில ஆடுறதுக்கு 60 கார்டு வேணும், இதுல 20தான். அடிக்கிறதுக்கு வேணுங்கிற எனர்ஜிக்கு தனி கார்டே கிடையாது, டர்னுக்கு ஒன்னு தானா வந்துரும். ஒரு போக்கிமோன அடிச்சு சாச்சா ஒரு பாயிண்ட், மூணு எடுத்தா ஜெயிப்பு, பேர்ல எக்ஸ்னு வர்ற பலமான கார்டு விழுந்தா எதிராளிக்கு ரெண்டு. இந்த ரெண்டு பாயிண்ட் கணக்குதான் ஆட்டத்தயே தூக்கி நிறுத்துது, யார முன்னாடி விடுறதுன்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும்.

அத்த மவன் கூட தே தாரேக் ஆர்டர் பண்ணிட்டு ஒரு ப்ரைவேட் மேட்ச் ஆடினேன். என்னோடது மின்சார கார்டு டெக், அவனோடது தண்ணி. என்னோட குட்டி போக்கிமோன் ரெண்ட அடிச்சு ரெண்டு பாயிண்ட் எடுத்துட்டான், அப்பறம் என் ஸாப்டோஸ் எக்ஸுக்கு நாலு காசு சுண்டினதுல மூணு தலை, தலைக்கு 50ன்னு 150, அவன் தண்ணி கார்டுக்கு மின்சாரம் பலவீனம், அதுக்கு இன்னும் 20, அவன் ஆர்ட்டிகுனோ எக்ஸ் காலி, 2-2. ஒடனே ஸ்டார்மி எக்ஸ முன்னாடி விட்டு சப்ரினா கார்ட போட்டு ஸாப்டோஸ பின்னாடி தள்ளிட்டான். பின்னாடி பெஞ்ச்ல காத்திருந்த சின்னது எது வந்தாலும் ஸ்டார்மியோட 90ல செத்துரும், அதனால எனர்ஜி ஒன்னே ஒன்னு இருந்த பிக்காச்சு எக்ஸ விட்டேன். அதோட ஹெச்பி, அதாவது உசுரு, 120ல 90 போயி 30 நிக்குது.

"முடிஞ்சிச்சு மச்சான், கெளம்பு"ன்னான்.

என் டர்ன்ல ரெண்டாவது எனர்ஜி போட்டாச்சு. பிக்காச்சு எக்ஸோட அடி பெஞ்ச்ல நிக்கிற மின்சார போக்கிமோன் ஒன்னுக்கு 30, மூணு இருக்கு, 90, பலவீனம் 20, ஆக 110. ஸ்டார்மிக்கு 130. கையில ஜோவான்னி கார்டு இருக்கு, அடிக்கு பத்து கூட்டும், போட்டா 120, அப்பவும் பத்து பாக்கி நிக்கும், அடுத்த அடியில நான் அவுட். கையில சப்ரினாவும் இருக்கு, ஆனா சப்போர்ட்டர்னு சொல்ற இந்த மாதிரி ஆள் கார்டு டர்னுக்கு ஒன்னுதான். அவன் பெஞ்ச பாத்தேன், 50 ஹெச்பி ஸ்டார்யு ஒன்னு மட்டும் தனியா நிக்குது. சப்ரினா போட்டா யார விடுறதுன்னு அவன்தான் முடிவு பண்ணணும், ஆனா இருக்கிறதே ஒன்னுதானே! ஸ்டார்யு வந்துச்சு, ஒரே அடி, 3-2. ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல அவன்.

இந்த மாதிரி ஒரு முடிவ 20 கார்டுக்குள்ள வச்சிருக்காங்க பாருங்க, அதுக்கே என் ஓட்டு.

புடிக்காதது மிஸ்டிங்கிற சப்போர்ட்டர் கார்டு. பூ விழற வரைக்கும் காசு சுண்டி, விழுந்த ஒவ்வொரு தலைக்கும் ஒரு எனர்ஜி, மொத டர்ன்லயே நாலு தலை விழுந்தா எதிர்ல இருக்கவன் யோசிக்க ஒன்னுமே இல்ல. அப்பறம் வேணுங்கிற எக்ஸ் கார்டு வரலன்னா பாக்கெட் கிழிச்சா சேர்ற பாயிண்ட்ல வாங்குறதுன்னா 500 வேணும், பாக்கெட்டுக்கு அஞ்சுதான். புதுசா எறங்குறவங்க கண்டதையும் கிழிக்காம ஜெனடிக் அபெக்ஸ்ங்கிற மொத கார்டு செட்ல பிக்காச்சு படம் போட்ட பாக்கெட்டயே கிழிங்க, பிக்காச்சு எக்ஸ், ஸாப்டோஸ் எக்ஸ் ரெண்டும் அதுலதான் இருக்கு.