64,000 ரூபாய்க்கு வாங்கிய ‘கெய்ரோ தாம்பாளம்’ – நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள்

எழுதும்போதே கை நடுங்குகிறது. பழம்பொருள் ஏலம் விடும் ஓர் இணையதளத்தில் 64,000 ரூபாய் கட்டி ஒரு பித்தளைத் தாம்பாளம் வாங்கினேன். போன புதன்கிழமை வந்தது. குப்பை.

மம்லூக் பாணி (முன்பு எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்து வேலைப்பாடு), கெய்ரோவின் கான் அல்-கலீலி கடைவீதிச் சரக்கு, வெள்ளி பதித்தது என்று போட்டிருந்தார்கள். விற்றவரிடம் மூன்று நாள் சாட்டில் பேசினேன். நான் விழுந்த இடம் எது தெரியுமா? “இது சுல்தான் காலத்துச் சாமான் இல்லை சார்” என்று அவரே சொன்னதுதான். மம்லூக் ஆட்சி 1517-லேயே முடிந்துவிட்டது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு எகிப்துக்கு வந்து குவிந்த ஐரோப்பியர்களுக்காகப் பழைய பாணியில் செய்தது இது என்றார். ஏமாற்றுகிறவன் 15-ஆம் நூற்றாண்டு என்றுதானே அடித்துவிடுவான்? இவ்வளவு நேர்மையா என்று உருகிப்போய் அன்றிரவே பணத்தைக் கட்டிவிட்டேன்.

நல்ல வேலைப்பாட்டில் பித்தளையைப் பள்ளமாக வெட்டி, வெள்ளியை அதில் வைத்துத் தட்டித் தட்டி இறுக்கியிருப்பார்கள். என் தாம்பாளத்தில் நகம் பட்டதும் ‘வெள்ளி’ உரிந்துவந்தது. பெயின்ட்! பின்பக்கம் காந்தம் ‘டக்’கென்று ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டுமா? தாம்பாளத்தில் அரபி மாதிரி செதுக்கியிருந்ததைப் படம் எடுத்து, அரபி தெரிந்த நண்பருக்கு அனுப்பினேன். “இது எழுத்தே இல்லைப்பா, எழுத்து மாதிரி கிறுக்கல்” என்றார்.

விற்றவரைக் கேட்டால், வாங்கிய ஐரோப்பியர்களுக்கு அரபி தெரியாது, அதனால் அப்படித்தான் செதுக்குவார்கள் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். எரிச்சல் என்னவென்றால், ஏற்றுமதிக்குச் செய்த சாமான்களில் அதுவும் உண்டு. சரி, இரும்புக்கு என்ன பதில்? அதற்குப் பிறகு ஆளே இல்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் முதலில் 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். அப்புறம், “பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது.” அது பழம்பொருளே இல்லை என்பதுதானே ஐயா என் புகார்! இன்று காலை, “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று புகாரை மூடிவிட்டார்கள். 64,000 ரூபாய்!

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. பின்பக்கத்தில் காந்தம் வைத்து வீடியோ கேளுங்கள். வெள்ளி பதித்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரிட்டர்ன் விதியைப் பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள். அவ்வளவுதான்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். தாம்பாளம் மேசைக்கடியில் கிடக்கிறது. வடகம் காயவைக்க எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மா கேட்டார். பெயின்ட் உரியும், அதற்கும் ஆகாது என்றேன்.