இறைச்சி ஒன்று, தராசு மூன்று

2019 அக்டோபரில் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த ஒரு பரிந்துரை ஊட்டச்சத்து உலகைக் கொதிக்க வைத்தது. ஆடு, மாடு போன்றவற்றின் சிவப்பிறைச்சியையும், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியையும் இப்போது உண்ணும் அளவிலேயே பெரியவர்கள் தொடரலாம் என்றது அது. ஆனால் 2015இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்குபவற்றில், சேர்த்திருந்தது. இரு தரப்பும் புரட்டிப் பார்த்தவை பெரும்பாலும் ஒரே வகை ஆய்வுகள்தான்.

லியோன் முகமை கேட்பது ஒரே கேள்வி: இது புற்றுநோயை உண்டாக்குமா? எவ்வளவு என்பதற்கு அதன் பிரிவுகளில் இடமில்லை. எனவே 'சிகரெட்டும் சாசேஜும் ஒன்று' என்று தலைப்பிட்டவர்கள் பட்டியலைத் தவறாகப் படித்தார்கள். நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பதே கணக்கு. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ ஆறு பேராகும். அவ்வளவுதான்.

2019ஆம் ஆண்டுப் பரிந்துரையை எழுதிய குழு பயன்படுத்தியது 'கிரேட்' முறை; சான்றுகளை எவ்வளவு நம்பலாம் என்று தரம்பிரிப்பது அது. உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்கு படிகள். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தும் சோதனை மேல்படியில் தொடங்கும். மக்களின் பழக்கத்தைப் பல்லாண்டு பின்தொடரும் ஆய்வு, வழக்கமாக, 'குறைவு' என்ற படியில்தான் தொடங்கும். இருபது ஆண்டுகள் ஒருவரை ஆட்டிறைச்சி தின்னவும் இன்னொருவரைத் தின்னாமலிருக்கவும் யார் கட்டாயப்படுத்த முடியும்? எனவே இறைச்சி பற்றிய சான்றுகள் கீழ்ப்படியிலேயே தங்கின. குழுவில் 14 பேர். அவர்களில் 11 பேரே தொடரலாம் என்றனர். பரிந்துரை வலுவற்றது, சான்றின் உறுதி குறைவு என்று அவர்களே எழுதியும் இருந்தார்கள். செய்திகளில் அது காணாமல் போனது.

இருந்தாலும் கிரேட்டின் சந்தேகப் புத்தியை நான் பழிக்கமாட்டேன். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனிகளை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பின்தொடர் ஆய்வுகள் சொல்லிவந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 1994இல் வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்கியவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! மாத்திரை விவகாரத்தில் கிரேட்தான் சரியான தராசு.

தட்டில் விழும் உணவுக்கு எனக்குப் பிடித்தது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் முறை. அது குலுக்கல் சோதனையைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. தனித்தனிப் பின்தொடர் ஆய்வுகள் ஒத்துப்போகின்றனவா, அளவு கூடக்கூட அபாயமும் கூடுகிறதா, உடலுக்குள் அது நடக்கும் வழி புரிகிறதா என்று பார்க்கிறது. அதன் 2018ஆம் ஆண்டு அறிக்கையில் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பதப்படுத்திய இறைச்சி 'உறுதியான' காரணம். சிவப்பிறைச்சி 'பெரும்பாலும்' காரணம்.

இந்த மூன்றைத் தவிர வேறு தராசுகளும் உண்டு. சான்றுகளைப் பத்து மதிப்பெண்ணுக்கு அளந்து, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்றும் பார்க்கும் 'நியூட்ரிகிரேட்' 2016இல் வந்தது. சான்றின் வலுவை நட்சத்திரங்களால் காட்டும் முறை 2022இல் வந்தது; அது பதப்படுத்தாத சிவப்பிறைச்சிக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரமே தந்தது. கடைக்காரரிடம் எத்தனை கிராம் கேட்பது என்பதை நட்சத்திரம் சொல்லாது. நிதியம் சொல்கிறது: சிவப்பிறைச்சி சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை, பதப்படுத்தியது உண்டே ஆகவேண்டும் என்றால் மிகச் சிறிதளவு.