செயலியின் பில்ட் தேதிக்கு என் ஓட்டு பில்ட்கான்ஃபிக்ஃபீல்டுக்கே

ஆண்ட்ராய்டு செயலி என்றைக்கு, எத்தனை மணிக்கு பில்ட் ஆனது என்று கோடிலேயே தெரிய வேண்டுமென்றால், கிரேடில் என்ற பில்ட் கருவியின் பில்ட்கான்ஃபிக்ஃபீல்டை (பில்ட் ஆகும்போதே ஒரு மதிப்பைக் கோடுக்குள் எழுதி வைக்கும் வசதி) விட எளிய வழி இல்லை. லாங் வகையில் அப்போதைய மில்லிசெகண்டை ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும், கடைசியில் எல் எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், கம்பைலே ஆகாது. ஏபிகேவுக்குள், அதாவது செயலியின் நிறுவல் கோப்புக்குள், இருக்கும் டெக்ஸ் கோப்பின் (கம்பைல் ஆன கோடு) தேதியைப் படிக்கும் பழைய வித்தையெல்லாம் இப்போது 1980ஐ ஒட்டிய ஏதோ ஒரு நாளைத்தான் காட்டும். ஆண்ட்ராய்டு தரும் லாஸ்ட்அப்டேட்டைம்? அது செயலியைப் போனில் கடைசியாக ஏற்றிய நேரம், பில்ட் ஆன நேரம் அல்ல. சரி, குறையும் உண்டு: மதிப்பு ஒவ்வொரு முறையும் மாறுவதால் பில்ட் இழுக்கும், அதனால் வெளியிடும் ரிலீஸ் பில்டுக்கு மட்டும் உண்மை நேரம், சோதித்துப் பார்க்கும் டீபக் பில்டில் சும்மா பூஜ்ஜியம் போதும். அப்புறம், ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0 முதல் இந்த மதிப்பு போய் உட்காரும் பில்ட்கான்ஃபிக் கிளாஸ் தானாக வராது, கிரேடில் கோப்பின் பில்ட்ஃபீச்சர்ஸ் பகுதியில் பில்ட்கான்ஃபிக்குக்கு ட்ரூ போட வேண்டும்.