தோனா மரியா வேறு, தோஞா மரியா வேறு

பெண்களை மரியாதையாக அழைக்கப் போர்ச்சுகீஸிலும் ஸ்பானிஷிலும் இருக்கும் சொற்கள் அக்கா தங்கை மாதிரி. போர்ச்சுகீஸின் தோனா, ஸ்பானிஷின் தோஞா இரண்டும் வீட்டுத்தலைவி என்று பொருள்படும் ‘தோமினா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அம்மா, திருமதி என்று பொருள்படும் செஞோராவோ இரண்டு மொழிக்கும் பொது. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டு மற்றதில் அப்படியே போட்டால் வழுக்கிவிடும்.

தோனா ஒருகாலத்தில் உயர்குடிக்கு உரிய பட்டம். கண்டி இளவரசி குசுமாசன தேவிக்குப் போர்ச்சுகீசியர் ஞானஸ்நானம் செய்து வைத்த பெயரே தோனா கத்தரினாதான். இன்று பிரேசிலில் அது தெருவுக்கு இறங்கிவிட்டது: பக்கத்து வீட்டு அம்மா, சமையலுக்கு வருபவர், முதலாளியின் தாயார் எல்லாரும் தோனாதான், பின்னால் முதல் பெயர் வரும், குடும்பப் பெயர் வராது. 2018-இல் மறைந்த சம்பா இசைக் கலைஞரை ஊரே தோனா இவோனி லாரா என்றுதான் சொல்லும். ஸ்பெயினில் தோஞா இன்னும் மேலேதான் இருக்கிறது, நீதிமன்றத் தாள்களிலும் தோஞா லெதீசியா என்று ராணியைக் குறிப்பிடும் செய்திகளிலும்.

போர்ச்சுகலில் படிக்கட்டே உண்டு. சந்தையில் மீன் விற்பவர் செஞோரா மரியா, சற்று வசதியானவர் தோனா மரியா, அதற்கும் மேலே செஞோரா தோனா மரியா. கூப்பிடும்போதே ஒருவரின் வர்க்கத்தை அளந்துவிடுகிறார்கள், இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்புறம், போர்ச்சுகீஸில் பட்டமே ‘நீங்கள்’ ஆகிவிடும். “ஆ செஞோரா கேர் கஃபே?” என்றால் நேரடியாக ‘அம்மா காப்பி சாப்பிடுகிறார்களா?’ என்று எதிரில் இருப்பவரையே கேட்பது. ஸ்பானிஷில் அந்த வேலையை ‘உஸ்தெத்’ பார்த்துக்கொள்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல், வயதை ஊகிக்கவும் தேவையில்லை. பிரேசிலில் ஊகம் தப்பினால், “செஞோரா வானத்தில் இருக்கிறாள்” என்று மாதாவைக் காட்டிப் பதில் வரும், என்னை அவ்வளவு வயதாக்காதே என்று அர்த்தம்.

கல்யாணம் ஆகாதவரைக் குறிக்கும் செஞோரிதா ஸ்பானிஷில் இன்னும் புழங்குகிறது, கல்யாணமான பள்ளி ஆசிரியையையும் ஸ்பெயினில் பிள்ளைகள் அதைச் சுருக்கி ‘செஞோ’ என்கிறார்கள். போர்ச்சுகலில் அந்த இடத்தில் சிறுமி என்று பொருள்படும் ‘மெனினா’. செஞோரிதாவுக்கு ஆண் வடிவம் செஞோரிதோ. அது கல்யாணமாகாதவனைச் சொல்லாது, உழைக்காமல் சுகமாக வாழும் பணக்காரப் பிள்ளையைச் சொல்லும். பெண்ணிடம் மட்டும் ஏன் இந்தக் கல்யாணக் கணக்கு?

ஆகவே ஸ்பானிஷில் நான் உஸ்தெத்தோடு நிறுத்திக்கொள்வேன். பிரேசிலில் மூத்தவர் என்றால் பெயரைக் கேட்டு, முன்னால் தோனா சேர்ப்பேன்.