சணல் இழைக் கதவு: வலிமையில் நிறைவு, விளிம்பில் குறை

குளியலறைக்காக, பாலியெஸ்டர் பிசினில் சணல் இழைப் பாயைப் பதித்துச் செய்த கதவு ஒன்றை உள்ளூர்க் கடையில் வாங்கிப் பொருத்தினோம். வலிமையைப் பொறுத்தவரை எங்களுக்கு முழு நிறைவே. இத்தகைய கதவுகளில் வழக்கமாகச் சேர்க்கும் கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், சணலுக்கோ 1.4 கிராம் அளவே என்பதால், பலகை கீல்களுக்குச் சுமையாகாமல் நிற்கிறது. இழுவிசையில் சணல் கண்ணாடி இழைக்கு ஈடாகாது எனினும், வீட்டுக் கதவுக்கு அவ்வளவு வலிமை தேவையில்லை.

கவனம் வேண்டியது ஈரத்தில்தான். சணல் இழையின் முதன்மைப் பொருளான செல்லுலோஸில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த அணுக்கூட்டங்கள்) நீரை ஈர்ப்பதால் இழை பருக்கிறது. பருத்தும் உலர்ந்தும் மாறி மாறி வரும்போது இழைக்கும் பிசினுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, நுண்விரிசல்கள் தோன்றி, அவற்றின் வழியே மேலும் நீர் புகுகிறது. இழையைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பதப்படுத்தினால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பிடிப்பு கூடும். அவ்வாறு பதப்படுத்தப்பட்டதா என்பதை விற்பனையாளர் எழுத்தில் தரவில்லை. கட்டாயம் தந்திருக்க வேண்டிய விவரம் அது.

எங்கள் கதவின் முகப்பு பிசின் பூச்சால் பழுதின்றி இருக்க, அளவுக்கு அறுத்த அடிவிளிம்பு மட்டும் சற்றே உப்பியுள்ளது. வாங்குவோர், அறுத்த விளிம்பையும் திருகாணித் துளைகளையும் உடனே எப்பாக்ஸிப் பிசின் பூசி அடைக்கும்படி தச்சரிடம் வற்புறுத்த வேண்டும். தரையில் எப்போதும் நீர் தேங்கும் குளியலறைக்கு இக்கதவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.